நாலணா அட்டை

1

போன மாதம் என் கடைக் கண்ணாடிக் கதவில் ஒரு அறிவிப்பு ஏறியது. தடித்த வெள்ளை அட்டையில், "இங்கே கார்டு மட்டும், பணமாக வாங்குவதில்லை" என்று ஆங்கிலத்தில் அச்சு. மாட்டியவள் என் மகள் மெர்லின். கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று நடைபாதையில் நின்று பார்த்து, உள்ளே வந்து இரண்டு தடவை சரிசெய்தாள். மறுநாளிலிருந்து ஸ்டாவ்ரோஸ் வரவில்லை.

ஸ்டாவ்ரோஸ் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னின் இந்தப் புறநகரில் நானும் என் வீட்டுக்காரரும் டிபன் கடை திறந்தபோது முதன்முதலில் உள்ளே வந்தவர் அவர்தான். கிரேக்கர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு காலைக் காப்பி நம் கடையில்தான். "இது காப்பியே இல்லை, பால் பாயசம்" என்று ஆங்கிலத்தில் திட்டிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடிப்பார். பாயசம் என்ற சொல்லை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதை எனக்கு எதிராகவே பயன்படுத்துகிறார், பாருங்கள். குடித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து நாணயங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக மேசையில் அடுக்கிவிட்டுப் போவார்.

அவர் வராத மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எதிர் நடைபாதையில் போகிறவரைப் பிடித்தேன். "என்ன ஐயா, கோபமா? ஒரு கார்டு வாங்கிக்கொள்ளக் கூடாதா?" என்றேன்.

"கோபமெல்லாம் இல்லை. என் பணம் வேண்டாம் என்று கதவில் எழுதியிருக்கிறாய். நான் படித்தவன், படித்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நேராக உள்ளே வந்து மெர்லினைப் பிடித்துக் கத்தினேன். ஒரு வாடிக்கையாளருக்காகக் கடையை நடத்த முடியாது என்றாள். அவர் வாடிக்கையாளர் இல்லையடி, நம் ஸ்டாவ்ரோஸ் என்றேன். அந்த மனுஷனை எப்படியாவது மறுபடியும் அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவளோ கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காமல் போகலாம். அங்கே இளநீர் வண்டியில்கூட கறுப்புக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறதாம், செல்போனைக் காட்டினால் முடிந்ததாம். என் நாத்தனார் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். இங்கே விஷயம் வேறு. கார்டை அந்த மெஷினில் தொட்டுவிட்டு வாடிக்கையாளர் போய்விடுவார். அவர் கொடுத்ததில் ஒரு துணுக்கை மெஷின்காரன் எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை எனக்கு அனுப்புவான். அது போக மெஷினுக்கு மாத வாடகை. ஆக, நான் சுடும் ஒவ்வொரு தோசையிலும் ஓர் ஓரத்தை யாரோ கிள்ளித் தின்றுகொண்டிருக்கிறார்கள். அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டலாம், பல கடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. சாப்பிட வந்தவரிடம் காசு கொடுப்பதற்கும் காசு கேட்பதா? சீச்சீ.

இதில் ஒரு கூத்தும் உண்டு. மெஷினுக்கு விண்ணப்பம் போட்டபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருந்தது, அதையே போட்டார்கள். அது ஆண் பெயர்போல் இருந்ததோ என்னவோ, மாதாமாதம் கட்டண ரசீது "அன்புள்ள திரு. மரியதாஸ்" என்றுதான் வருகிறது. திருத்தச் சொல்லி போன் செய்தால், என் அழைப்பு அவர்களுக்கு ரொம்ப முக்கியம் என்று ஒரு குரல் சொல்லும், பிறகு பாட்டுப் போடும். நானும் விட்டுவிட்டேன். படப்பை பஸ் ஸ்டாப்பில் டீ ஆற்றிய என் நைனா செத்து எத்தனையோ வருஷமாகியும் ஆஸ்திரேலியாவில் அவர் பெயருக்கு பில் வந்துகொண்டிருக்கிறது.

மெர்லின் சொன்னதிலும் நியாயம் இருந்தது, மறைக்கப் போவதில்லை. "பணமா வாங்குறது ஃப்ரீன்னு நினைக்கிறியாம்மா? நம்ம தெரு பேங்க்கை மூடிட்டாங்க. காசு கட்ட நீ காரை எடுத்துக்கிட்டுப் போற. பெட்ரோல், பார்க்கிங், உன் மதியம் மொத்தமும் போச்சு. சில்லறை வேணும்னா அதுக்கும் பேங்க்ல கட்டணம். போன வருஷம் பின்கதவை உடைச்சாங்களே, கல்லாவுக்காகத்தானே? அதையெல்லாம் உன் கணக்குல சேத்தியா?"

அவள் பேசப் பேச எனக்கு நைனாதான் ஞாபகத்துக்கு வந்தார். அதே பேச்சை முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒற்றை வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார்: "காசு வாங்குறதுக்கே காசு ஆவுது பாரும்மா."

3

1991இல் எங்கள் படப்பையில் சில்லறைக்கு அப்படியொரு பஞ்சம். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே என்ன என்று தெரியாமல் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். தாம்பரத்திலிருந்து ஒரகடம் போகிற பஸ்ஸெல்லாம் எங்கள் கடை எதிரேதான் நிற்கும். டீ முக்கால் ரூபாய். எல்லோரும் ஒரு ரூபாயை நீட்டுவார்கள். மீதி நாலணா. அந்த நாலணாவுக்கு நைனா எங்கே போவார்?

எங்கே போகவில்லை என்று கேளுங்கள். கண்டக்டரிடம் நோட்டைக் கொடுத்தால் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டுதான் சில்லறை தருவார். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைத் தட்டில் விழுந்த சில்லறையை வாங்கிவரத் திங்கட்கிழமை என்னை அனுப்புவார்கள். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை நல்ல மனுஷன், கமிஷன் தொடமாட்டார். ஆனால் அன்று சாயங்காலம் பெண்டாட்டி பிள்ளைகளோடு கடைக்கு வந்து ஓசியில் ஆளுக்கொரு டீ, ஆளுக்கு ரெண்டு போண்டா. "இதுக்குக் கண்டக்டரே தேவலாம்" என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள்.

இந்த லட்சணத்தில் கம்பெனி வேறு வந்தது. அப்போதெல்லாம் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றில் மணிமங்கலத்துப் பையன்கள் நிறையப் பேர் சேர்ந்திருந்தார்கள். சம்பளக் கவர் முழுக்க மொடமொடவென்று நூறு ரூபாய் நோட்டு. வீட்டில் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்க அவர்களுக்குச் சில்லறை வேண்டும். அதற்காகவே சம்பளத்தன்று ஷிப்ட் முடிந்து வந்து ஒரு டீ சொல்லிவிட்டு நூறு ரூபாயை நீட்டுவார்கள்.

"டேய், முக்கா ரூவா டீக்கு நூறு ரூவாவா? நான் இன்னா பேங்கா வெச்சிகினு கீறேன்?" என்பார் நைனா.

"உன்ன வுட்டா நமக்கு யாரு கீறாங்க, அண்ணாத்த?" என்று பையன்கள் இளிப்பார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி, கல்லாவைத் துடைத்து எடுத்துக் கொடுத்துவிடுவார். மறுநாள் காலையில் நாலணாவுக்கு நாய் படாத பாடு.

4

அப்போதுதான் அந்த அட்டை யோசனை வந்தது. டீத்தூள் வருகிற அட்டைப்பெட்டியை நைனா சதுரம் சதுரமாக வெட்டுவார். அம்மா அதில் "நாலணா" என்று எழுதுவாள். நைனாவுக்குக் கையெழுத்து அவ்வளவு வராது. எழுதியதற்குக் கீழே அம்மா சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். அவளைப் பொறுத்தவரை எதை எழுதினாலும் சிலுவை போட்டால்தான் எழுதி முடித்ததாகக் கணக்கு, மளிகைச் சீட்டில்கூடப் போடுவாள். மீதிச் சில்லறைக்குப் பதில் ஒரு அட்டை. மூன்று அட்டை சேர்ந்தால் ஒரு டீ.

முதலில் ஆட்கள் சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இன்னா மரியதாசு, பொட்டிய வெட்டிக் குடுக்குற? இது செல்லுமா?"

"நான் கீறேன்ல? செல்லும்" என்பார் நைனா. டீயை ஆற்றுகிற கை நிற்காது.

செல்லவும் செய்தது, எங்கள் கடையில் மட்டுமா? சலூன் கோவிந்தன் அதை வாங்கிக்கொண்டார், எப்படியும் ஒரு நாளைக்கு மூன்று டீ குடிப்பவர்தானே. கோவிந்தனிடமிருந்து சைக்கிள் கடைக்குப் போயிற்று. அங்கிருந்து கீரைக்காரம்மா முந்தானை முடிச்சுக்கு. யாரும் கள்ள அட்டை அடிக்கவில்லை. யாரும் கீழே போடவும் இல்லை. "சாமி குறி போட்டத எப்டிமா தூக்கிப் போடறது?" என்று கீரைக்காரம்மா மஞ்சள் குங்குமத்தோடு சேர்த்து வைத்திருந்தார். அம்மாவுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

5

அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கிய சமயம். கண்டக்டர்கள் மாறிவிட்டார்கள், கோயில்பிள்ளை ஊரில் இல்லை. நைனா சில்லறை தேடிப் பத்திர ஆபீசுக்குப் போனார். அங்கே மரத்தடியில் உட்கார்ந்து ஸ்டாம்பு விற்கிறவரிடம் எப்போதும் நாணயம் புழங்கும், கேட்டால் கொடுப்பார் என்று யாரோ சொன்னார்களாம்.

எங்கள் பக்கத்தில் பத்திர ஆபீஸ் வாசலில் ஒருவன் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வயலில் வயலாக மனைக்கல் நட்டுக்கொண்டிருந்த காலம். பிள்ளைப்பாக்கத்தில் நிலத்தை விற்றவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். புரோக்கர் தனசேகர் நைனாவை அங்கே பார்த்துவிட்டு, சலூனில் ஷேவிங்குக்கு உட்கார்ந்த இடத்தில் சொல்லியிருக்கிறார்: "மரியதாசு கடைய வித்து முட்ச்சிட்டாம்பா. கையெழுத்துப் போட வந்தத என் கண்ணால பாத்தேன்."

மறுநாள் காலையில் கடையைத் திறக்கக் கதவுப் பலகையைக் கழற்றினால் வாசலில் கூட்டம். கோவிந்தன், சைக்கிள் கடைக்காரர், கீரைக்காரம்மா, ஷிப்ட் முடித்து வந்த கம்பெனிப் பையன்கள், எல்லார் கையிலும் எங்கள் அட்டை. முதல்முதலாக அத்தனை அட்டைகளையும் ஒரே இடத்தில் பார்த்தபோதுதான் நாங்கள் எவ்வளவு வெட்டியிருக்கிறோம் என்று எனக்கே உறைத்தது.

"அட்டைய வெச்சிகினு காசக் குட்த்துடு, மரியதாசு. கடைய வித்துட்டுப் போறவன் சொல்லிட்டுப் போவ வாணாமா?" என்றார் கோவிந்தன். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

அம்மா பாய்லர் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இந்த அட்டை செல்லாது என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அப்புறம் அந்த ரோட்டில் நைனா தலை நிமிர்ந்து நடக்க முடியாது, அவர் டீயையும் எவனும் சீண்ட மாட்டான்.

நைனா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் எதையும் விக்கல, எங்கியும் போவல. காசா கேட்டீங்கன்னா கைல இல்ல, அதத் தேடித்தான் அலையறேன். டீயா கேளுங்க, பொழுதுக்கும் ஆத்தறேன்" என்றார்.

ஆற்றினார். மனுஷன் அன்று ஆற்றிய டீயை வாழ்நாளில் நான் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. நான் கழுவக் கழுவ கிளாஸ் போதவில்லை. பொழுது ஏறுவதற்குள் பால் தீர்ந்தது. பால்காரர் முனுசாமியும் அட்டையோடுதான் நின்றிருந்தார், மற்றவர்களைவிடப் பெரிய கட்டு. காசு வந்தால்தான் பால் என்று முறைத்தார்.

"நீ பால் ஊத்தினாத்தான் நான் டீ ஆத்துவேன். டீ ஆத்தினாத்தான் உன் கைல கீற அட்டைக்கு மதிப்பு. யோசிச்சிக்கோ" என்றார் நைனா.

முனுசாமி கையிலிருந்த கட்டைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். "நல்லா மாட்டி வுட்டபா" என்று முனகிக்கொண்டே சைக்கிளைத் திருப்பிப் போய் இன்னொரு கேன் கொண்டுவந்தார்.

6

பதினோரு மணி வாக்கில் புரோக்கர் தனசேகரே வந்தார். இந்த அமளி எதற்கென்று தெரியாதவர்போல ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு ஒரு ரூபாயை நீட்டினார். நைனா ரூபாயைக் கல்லாவில் போட்டுவிட்டு ஒரு அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"எவ்ளோக்கு வித்தேன் தனசேகரு? எவன் வாங்கினான்? நீதான் புரோக்கராச்சே, சொல்லு."

தனசேகருக்கு வேர்த்துவிட்டது. "பத்திர ஆபீஸ்ல உன்னப் பாத்தேனே…"

"நாலணாவுக்கு வந்தேன்யா! நாலணாவுக்கு! அந்த ஸ்டாம்பு விக்கிறவரப் போய்க் கேளு. அவரும் இல்லன்னுட்டாரு!"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு கீரைக்காரம்மா சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் ரோடே திரும்பிப் பார்க்கும். கோவிந்தனும் சிரித்தார், பையன்களும் சிரித்தார்கள். தனசேகர் அசட்டுச் சிரிப்போடு அந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிரயமானால் முதல் தகவல் போகிற ஆளே அட்டையை வாங்கிக்கொண்டார், இனிமேல் என்ன?

அதற்குள் எல்லார் வயிற்றிலும் டீ தளும்பிக்கொண்டிருந்தது. கோவிந்தன்தான் பாவம். டீக்கென்று மொத்த அட்டையையும் முன்னாலேயே கொடுத்துவிட்டு, நாலாவது கிளாசுக்கு மேல் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மீதி அட்டைய திருப்பிக் குட்த்துடு, அண்ணாத்த. நாளைக்குக் குட்ச்சிக்கிறேன்" என்று கெஞ்சினார். நைனா எண்ணிக்கூடப் பார்க்காமல் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பேனாவை எடுத்தாள்.

7

இதையெல்லாம் நான் மெர்லினுக்கு முந்தாநாள்தான் சொன்னேன். சொல்ல நேரம் கிடைத்தது, ஏனென்றால் மெஷின் செத்துக் கிடந்தது. எங்கள் கடையில் மட்டுமில்லை, தெரு முழுக்க. எங்கேயோ நெட்வொர்க் அறுந்துவிட்டதாம். காலைக் கூட்டம் கார்டைத் தொடுகிறது, மெஷின் சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பையில் காசு வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை.

"கடையை மூடிடலாம்மா" என்றாள் மெர்லின். முடியவே முடியாது என்றேன். மாவு பொங்கி நிற்கிறது. தெரிந்த முகங்களுக்கெல்லாம் இட்லியைக் கொடுத்து, நாளைக்குக் கொடுங்கள் போங்கள் என்று அனுப்பினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கூட்டம் ஓய்ந்தபோது, உன் தாத்தா என்ன செய்தார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். என் கதை என்றால் வழக்கமாகப் போனை எடுத்துவிடுவாள். அன்று எடுக்கவில்லை. முனுசாமி இரண்டாவது கேனைக் கொண்டுவந்த இடத்தில் கைதட்டினாள்.

கதை முடிகிற நேரம் எதிர் நடைபாதையில் ஸ்டாவ்ரோஸ். அவர் புதிதாகப் போய்வந்த காப்பிக் கடையும் மெஷின் இல்லாமல் மூடிக் கிடந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவில் ஒவ்வொரு கடையாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். கிழவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், முகத்தில் தெரிந்தது. நான் கதவைத் திறந்து, "ஐயா, பாயசம் ரெடி" என்று கூவினேன்.

அவர் ரோட்டைத் தாண்டி வந்தார், ஆனால் உள்ளே நுழையவில்லை. விரலை நீட்டி அறிவிப்பைக் காட்டினார்.

நான் மெர்லினைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வந்து, அந்த அட்டையைக் கதவிலிருந்து பிய்த்தாள். டேப் கண்ணாடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்டாவ்ரோஸ் உள்ளே வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டம்ளரில் ஊற்றிய காப்பி கொஞ்சம் சிந்திவிட்டது. சிந்தினால் சிந்தட்டும்.

குடித்து முடித்து, வழக்கம்போலத் திட்டி முடித்து, பத்து டாலர் நோட்டை நீட்டினார். காப்பி ஐந்து டாலர். மீதி கொடுக்கக் கல்லாவைத் திறந்தால் காலி. கார்டு மட்டும் என்ற கடையில் சில்லறை எப்படி இருக்கும்? காசே வேண்டாம் என்றேன். பிச்சைக்கு வரவில்லை என்றார். அப்படியானால் நாளைக்குக் கொடுங்கள் என்றேன். கடன் வைத்துக் குடித்துப் பழக்கமில்லை என்றார். மிச்சத்தை நீயே வைத்துக்கொள் என்று அவர் சொன்னதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் விடாக்கண்டர்கள், நோட்டு மேசையில் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தது.

மெர்லின் நோட்டை எடுத்துக் கல்லாவில் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள். பிய்த்து வைத்திருந்த அறிவிப்பின் ஒரு மூலையைச் சதுரமாக வெட்டி, பின்பக்கத்தில் ஐந்து டாலர் என்று எழுதி, கீழே பெயரைப் போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு குட்டிச் சிலுவையும் போட்டாள்.

ஸ்டாவ்ரோஸ் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். சிலுவையைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. பர்சில் ஒரு மடிப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பார்ப்போம்" என்று கிளம்பினார்.

8

நேற்றுக் காலை மெஷினுக்கு உயிர் வந்துவிட்டது. இட்லிக்குக் கடன் சொல்லிவிட்டுப் போனவர்கள் வரிசையாக வந்து கார்டைத் தொட்டார்கள். மெர்லின் காரை எடுத்துக்கொண்டு பேங்க்குக்குப் போய், கட்டணம் கட்டி நாணயச் சுருள்கள் வாங்கி வந்திருந்தாள். கல்லாவில் அவற்றை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்னால் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ரொட்டிக் கடை லான் உள்ளே வந்தாள். வியட்நாம்காரி, எனக்கு முன்னாலிருந்தே இந்தத் தெருவில் கடை வைத்திருப்பவள். ஒரு காப்பி சொல்லிவிட்டு, ஏப்ரன் பையிலிருந்து மாவு படிந்த ஒரு சதுர அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். முன்பக்கத்தில் "கார்டு மட்டும்" என்ற எழுத்துகளில் பாதி தெரிந்தது.

"ஸ்டாவ்ரோஸ் இதைக் கொடுத்து ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். மெர்லின் கையெழுத்து என்று சொன்னார், நானும் வாங்கிக்கொண்டேன். இது செல்லுமா?" என்று அவளுடைய ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் மிக்ஸியை நிறுத்தினேன். மெர்லின் படப்பைக்கு நான்கு தடவைதான் போயிருக்கிறாள். தமிழில் கேட்டால் பாதி நேரம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அந்த அட்டையை எடுத்து மாவைத் தட்டிவிட்டு, லானுக்கு ஒரு சொல்லும் புரியாது என்பதைக்கூட மறந்து, பாலை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"நான் கீறேன்ல? செல்லும்."